போன் நம்ம பேச்ச கேக்கல, நம்ம விரல பாக்குது

போன வாரம் சித்தி போன் பண்ணாங்க, குரல்லயே பயம் தெரிஞ்சுது. "டேய், நேத்து ராத்திரி உங்க சித்தப்பாகிட்ட முட்டி வலிக்குதுன்னு வாயால சொன்னதோட சரி, போன கையில கூட எடுக்கல. காலைல தொறந்தா முட்டிக்கு மாட்டுற பெல்ட் விளம்பரம் வருதுடா. நாம பேசுறதெல்லாம் இது கேட்டுட்டே இருக்கா?"

இந்த கேள்விய கேக்காத ஆளே இப்ப கிடையாது. பதில் சொல்றவங்களும் ரெண்டே வகைதான். "ஆமா, எல்லாத்தையும் ஒட்டுக்கேக்குறாங்க"ன்னு அடிச்சு சொல்றவங்க ஒரு பக்கம், "சும்மா தற்செயல், விடு"ன்னு தள்ளி விடுறவங்க இன்னொரு பக்கம். ரெண்டு பதிலாலயும் சித்திக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா உள்ள என்ன நடக்குதுன்னு ரெண்டு பேருமே சொல்லல. இதுல அல்காரிதம்னு ஒரு வார்த்தை வேற. "அல்காரிதம் என் வீடியோவ அமுக்கிடுச்சு", "அல்காரிதம் பசங்கள கெடுக்குது"ன்னு ஏதோ உள்ள உக்காந்திருக்கிற பூதம் மாதிரி பேசுறோம். பூதமும் இல்ல, புரிஞ்சுக்க முடியாத விஷயமும் இல்ல. கணக்கு எதுவும் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி முதல்லருந்து சொல்றேன், சித்திக்கு சொன்ன அதே வரிசையில.

அல்காரிதம்னா என்ன

அகராதியில ஒரு வார்த்தைய எப்படி தேடுவீங்க? முதல் பக்கத்துலருந்து ஒவ்வொண்ணா புரட்ட மாட்டீங்க. நடுவுல தொறப்பீங்க, தேடுற வார்த்தை இதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு பாப்பீங்க, தேவையில்லாத பாதிய விட்டுட்டு மிச்ச பாதியோட நடுவ தொறப்பீங்க, இப்படியே போனா எவ்ளோ தடிமனான அகராதியா இருந்தாலும் கொஞ்ச நேரத்துல வார்த்தை சிக்கிடும். "இத செய், அப்புறம் அத பாரு, இப்படி இருந்தா அங்க போ"ங்கிற இந்த படிப்படியான வழிமுறைக்குத்தான் அல்காரிதம்னு பேரு. அவ்ளோதான். கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே இருந்த சங்கதி. பேரே 9ஆம் நூற்றாண்டுல பாக்தாத்ல இருந்த அல்-குவாரிஸ்மிங்கிற கணித அறிஞர்கிட்டருந்து வந்ததுதான். இந்திய எண்கள வெச்சு எப்படி கணக்கு போடுறதுன்னு அவர் எழுதினது பின்னாடி லத்தீன் மொழிக்கு போச்சு, போன இடத்துல அவர் பேரே அந்த முறைக்கு பேராயிடுச்சு.

ஆனா போன்ல ஓடுறதுக்கும் அகராதிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அகராதி விஷயத்துல ஒவ்வொரு படியையும் மனுஷன் யோசிச்சு எழுதியாச்சு. ஃபீட் அப்படி இல்ல. ஃபீட்னா ஆப்ப தொறந்ததும் தள்ளத் தள்ள கீழருந்து வந்துட்டே இருக்குற அந்த வரிசை. அதுல மனுஷங்க முக்கியமா முடிவு பண்றது குறிக்கோள் என்னங்கிறத, அதாவது "இந்த ஆள் எதுல நிப்பார்னு முன்கூட்டியே கண்டுபிடி"ங்கிறத. எப்படி கண்டுபிடிக்கிறதுங்கிறத கோடிக்கணக்கான பேர் ஏற்கனவே என்ன பண்ணாங்கன்னு பாத்து பாத்து மெஷினே பழகிக்குது, இதுக்கு பேர்தான் மெஷின் லேர்னிங். அதனாலதான் "எனக்கு ஏன் இந்த வீடியோ வந்துச்சு"ன்னு கேட்டா அத உருவாக்குன இன்ஜினியராலயே பல நேரம் ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. அந்த முடிவு எங்கயோ ஒரு இடத்துல எழுதி வெச்சிருக்கிறது இல்ல, எக்கச்சக்கமான சின்னச் சின்ன எண்கள்ல பரவிக் கெடக்கு.

ரெண்டு நூலகர்

ஒரு நூலகத்துக்கு போறீங்கன்னு வைங்க. அங்க ஒரு நூலகர் கேக்குறார், "போன தடவை எடுத்தது பிடிச்சுதா? அடுத்து என்ன படிக்கலாம்னு இருக்கீங்க?" வரலாறு படிக்கணும், கொஞ்சம் அறிவியலும் வேணும்னு நீங்க சொல்றீங்க, அவர் எடுத்துத் தர்றார்.

இன்னொரு நூலகர் இருக்கார், அவர் ஒண்ணுமே கேக்க மாட்டார். கையில ஒரு கடிகாரத்த வெச்சுக்கிட்டு பின்னாடியே வருவார். எந்த அலமாரி முன்னாடி எத்தன நொடி நின்னீங்க, எந்த அட்டைய பாத்து நடை மெதுவாச்சு, எத கையில எடுத்து ரெண்டு பக்கம் புரட்டிட்டு திரும்ப வெச்சீங்க, எல்லாத்தையும் குறிச்சுக்குவார். வரலாறு அலமாரிக்கு போற வழியில ஒரு கொலை வழக்கு புத்தகத்தோட அட்டை கண்ணுல பட்டு பத்து நொடி நின்னுட்டீங்க. அடுத்த நாள் வந்தா வாசல்லயே நாலு கொலை வழக்கு புத்தகம் இருக்கு. நீங்க கேட்டீங்களா? இல்ல. நின்னீங்களா? ஆமா.

நம்ம போன்ல இருக்கிறது இந்த ரெண்டாவது நூலகர். நெறைய பேர் லைக் போட்டாத்தான், கமெண்ட் போட்டாத்தான் அதுக்கு தெரியும்னு நெனச்சுட்டு இருக்காங்க. அதெல்லாம் வேணவே வேணாம். விரல் எங்க நிக்குது, எவ்ளோ நேரம் நிக்குது, வீடியோவ எத்தனாவது நொடியில தள்ளி விட்டீங்க, திரும்ப ஒரு தடவை பாத்தீங்களா, யாருக்காவது அனுப்புனீங்களா, இதெல்லாம் போதும். நாம விட்டுட்டு போற இந்த தடங்களுக்குத்தான் டேட்டான்னு பேரு. எனக்கு இந்த மொத்த விஷயத்துலயும் பெருசா படுறது இதுதான்: நாம என்ன ஆசைப்படுறோங்கிறது அந்த நூலகருக்கு தெரியாது, நாம என்ன பண்றோங்கிறது மட்டும்தான் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்கு தூக்கம் வராம ஒரு சண்டை வீடியோவுல நின்னது தெரியும், ஆனா காலைல எந்திரிச்சு "ஏன்தான் பாத்தேனோ"ன்னு வருத்தப்பட்டது தெரியாது.

இதுவரைக்கும் வந்தத கோத்துப் பாத்தா, அல்காரிதம்ங்கிறது ஒரு வழிமுறை, ஃபீட்ல அந்த வழிமுறைய மெஷின் நம்ம டேட்டாவ பாத்து பழகிக்குது, அந்த டேட்டா நாம வாயால சொன்னது இல்ல, செஞ்சு காட்டுனது.

உங்கள மாதிரியே இன்னொருத்தர்

சரி, நின்ன இடத்தையெல்லாம் குறிச்சாச்சு, ஆனா நாம பாக்கவே பாக்காத புது விஷயத்த எப்படி சரியா எடுத்து நீட்டுது? இங்கதான் "மனச படிக்குது"ன்னு நமக்கு தோணுது.

மூணு பேர எடுத்துக்குவோம். உங்களுக்கு அஞ்சு பாட்டு பிடிச்சிருக்கு. எங்கயோ இருக்குற, உங்களுக்கு யாருன்னே தெரியாத ஒருத்தருக்கும் அதே அஞ்சு பிடிச்சிருக்கு, கூடவே ஆறாவதா ஒரு பாட்டும். மூணாவது ஆளோட ரசனை மொத்தமா வேற. உங்களுக்கு அடுத்து எத போடலாம்? அந்த ஆறாவது பாட்ட. அந்த பாட்டு சோகமா, குத்தா, யார் பாடுனது, எதுவுமே மெஷினுக்கு தெரிய வேண்டியதில்ல. உங்கள மாதிரி ஆளுக்கு பிடிச்சுதா, அப்ப உங்களுக்கும் பிடிக்கும், அவ்ளோதான் கணக்கு. இதுக்கு கொலாபரேட்டிவ் ஃபில்டரிங்னு பேரு, கூட்டமா சேந்து சலிக்கிற சல்லடைன்னு வெச்சுக்கலாம். இத வாங்குனவங்க அதையும் வாங்குனாங்கன்னு அமேசான்ல வருதே, அது இதோட ஒரு வகை. இப்ப இருக்கிற சிஸ்டம் இதவிட எவ்ளோவோ வளந்துடுச்சு, ஆனா அடிப்படை யோசனை இதுதான். உங்கள மாதிரி லட்சம் பேர் இருக்காங்க, அவங்கள்ல பாதி பேர் உங்களுக்கு முன்னாடியே அந்த வழியா நடந்து போயிட்டாங்க, அவங்க பாதம் பதிஞ்ச தடத்துல உங்கள கூட்டிட்டு போகுது.

இந்த கணிப்புக்கு எவ்ளோ மதிப்புன்னு தெரியணும்னா நெட்ஃபிளிக்ஸ் கதைய சொல்லணும். 2006ல ஒரு போட்டி வெச்சாங்க, ஒருத்தர் ஒரு படத்துக்கு எத்தன ஸ்டார் குடுப்பார்னு எங்க சிஸ்டம் கணிக்கிறதவிட 10 சதவீதம் சரியா கணிச்சா 10 லட்சம் டாலர் பரிசுன்னு. அதுக்காக சுமார் 4.8 லட்சம் பேர் குடுத்த 10 கோடி ரேட்டிங்க பேர் இல்லாம வெளியிட்டாங்க. உலகம் பூரா ஆளுங்க மண்டைய உடைச்சுக்கிட்டு 2009லதான் ஒரு குழு ஜெயிச்சுது. ஆனா நடுவுல இன்னொண்ணு நடந்துச்சு. ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த பேரில்லாத ரேட்டிங்க எடுத்து, வேற ஒரு சினிமா வெப்சைட்ல ஆளுங்க வெளிப்படையா போட்டிருந்த ரேட்டிங்கோட பொருத்திப் பாத்து, சில பேர் யாருன்னே கண்டுபிடிக்க முடியும்னு காட்டிட்டாங்க. அடுத்த போட்டிக்கு திட்டம் போட்டிருந்தத நெட்ஃபிளிக்ஸ் 2010ல கைவிட்டுது. "பேர எடுத்துட்டோம், பத்திரம்தான்"னு எந்த ஆப் சொன்னாலும் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும். நாம என்ன ரசிக்கிறோம்ங்கிற பட்டியலே கிட்டத்தட்ட நம்ம கைரேகை மாதிரிதான்.

மார்க் போடுற கணக்கு

ஆப்ப தொறந்த அந்த ஒரு நொடியில என்ன நடக்குதுன்னு இப்ப பாக்கலாம். முதல்ல குமிஞ்சு கெடக்குறதுலருந்து உங்களுக்கு ஒத்து வரக்கூடிய சில நூறு பதிவுகள பொறுக்கி எடுக்கும். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் சில கேள்வி: இத இவர் தொடுறதுக்கு எவ்ளோ வாய்ப்பு, முழுசா பாக்க எவ்ளோ வாய்ப்பு, கமெண்ட் போட, அடுத்தவருக்கு அனுப்ப எவ்ளோ வாய்ப்பு? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மார்க், எல்லாத்தையும் கூட்டுனா மொத்த மார்க், அதிகமா வாங்குனது மேல. பரிட்சை பேப்பர் திருத்துற மாதிரிதான். இப்படி நாம தொடுறது, பாக்குறது, பதில் போடுறது எல்லாத்தையும் சேத்து எங்கேஜ்மென்ட்னு சொல்றாங்க.

இதுல எந்த கேள்விக்கு எத்தன மார்க்னு முடிவு பண்றது மெஷின் இல்ல, கம்பெனில உக்காந்திருக்கிற மனுஷங்க. இத யாருமே கவனிக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம், ஏன்னா "அல்காரிதம் பண்ணிடுச்சு"ன்னு சொல்லும்போது அந்த மனுஷங்க முடிவு கண்ணுக்கு தெரியாம போயிடுது. ஃபேஸ்புக்ல நடந்தத பாருங்க. 2017லருந்து ஒரு லைக்குக்கு ஒரு மார்க்னா கோப முகம், சிரிச்ச முகம் மாதிரி எமோஜிக்கு அஞ்சு மார்க்னு வெச்சிருந்தாங்கன்னு 2021ல வெளிய வந்த அவங்க உள் ஆவணங்கள்லருந்து தெரிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு பதிவு உங்கள சந்தோஷப்படுத்தி லைக் வாங்குறதவிட உங்கள கோபப்படுத்துனா அஞ்சு மடங்கு லாபம். கோப எமோஜி அதிகமா விழுற பதிவுகள்ல பொய்த் தகவலும் விஷமப் பேச்சும் அதிகமா இருக்குன்னு அந்த கம்பெனி ஆளுங்களே 2019ல கண்டுபிடிச்சாங்க, கடைசில 2020ல கோபத்துக்கான மார்க்க பூஜ்யமாக்குனாங்க. மெஷின் கெட்டுப் போகல, அது சொன்னத ஒழுங்காத்தான் செஞ்சுது. சொன்னதுதான் தப்பு.

யூடியூப்ல 2012ல இதே மாதிரி ஒரு மாத்தம். அதுக்கு முன்னாடி எத்தன பேர் க்ளிக் பண்ணாங்கங்கிறதுக்கு முக்கியத்துவம் இருந்துச்சு, அதனால தலைப்புல ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னு ஏமாத்துறது பெருகுச்சு. அத சரி பண்ண எவ்ளோ நேரம் பாத்தாங்கங்கிறத கணக்குல எடுத்தாங்க. ஏமாத்துற தலைப்புக்கு அடி விழுந்துச்சு, நல்லதுதான், ஆனா இப்ப இலக்கு உங்க நேரமா ஆயிடுச்சு. 2018ல அந்த கம்பெனி அதிகாரி ஒருத்தர் சொன்ன கணக்குப்படி ஜனங்க யூடியூப்ல பாக்குற நேரத்துல 70 சதவீதத்துக்கு மேல சிஸ்டம் பரிந்துரை பண்ணி வர்றது. நாமளா தேடிப் போய் பாக்குறது மிச்சம்தான்.

சித்தியோட முட்டி வலி

இப்ப சித்தி கேள்விக்கு வரலாம். நான் கேட்ட முதல் கேள்வி, "சித்தப்பா ஏதாவது தேடுனாரா?" தேடியிருக்கார். சித்தி வலிக்குதுன்னு சொன்னதும் பாவம் மனுஷன் ராத்திரியே அவர் போன்ல மூட்டு வலிக்கு என்ன பண்ணலாம்னு நாலஞ்சு வெப்சைட்ட தொறந்து படிச்சிருக்கார். ரெண்டு பேர் போனும் ஒரே வைஃபைல. வெளியிலருந்து பாக்குற வெப்சைட்டுக்கு ரெண்டும் ஒரே இணைய முகவரி, அதாவது ஒரே வீடு. ஒரே வீட்டுல இருக்கிற கருவிகள விளம்பர கம்பெனிங்க ஒண்ணா முடிச்சு போட்டு வெச்சுக்குறது சகஜம். சித்தி வயசுல இருக்கிறவங்களுக்கு முட்டி பெல்ட் விளம்பரம் காட்டுறது ஏற்கனவே லாபம், அதுவும் சேந்துக்கும்.

ஒரு வெப்சைட்ல பாத்தது இன்னொரு இடத்துக்கு எப்படி போகுதுன்னா குக்கி மூலமா. வெப்சைட் நம்ம பிரவுசர்ல விட்டு வெக்கிற ஒரு சின்ன சீட்டு அது. 1994ல நெட்ஸ்கேப் கம்பெனில லூ மோன்டுல்லிங்கிறவர் உருவாக்குனது, ஒரு வெப்சைட் தன்கிட்ட வந்தவர அடுத்த பக்கத்துலயும் அடையாளம் தெரிஞ்சுக்கணும்னு செஞ்ச நல்ல யோசனை. பின்னாடி ஒரே விளம்பர கம்பெனி ஆயிரக்கணக்கான வெப்சைட்ல இடம் பிடிச்சு அதே சீட்ட எல்லா எடத்துலயும் படிக்க ஆரம்பிச்சதும் அது பின்தொடர்ற கருவியா மாறிடுச்சு. ஆப்களுக்குள்ளயும் இதே வேலைய செய்யுற வேற ஏற்பாடெல்லாம் இருக்கு.

அப்ப மைக்? 2018ல அமெரிக்காவுல நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்கள சோதிச்சு பாத்தாங்க. திருட்டுத்தனமா மைக்க போட்டு பேச்ச அனுப்புனதுக்கு ஆதாரம் கிடைக்கல, ஆனா சில ஆப் நாம ஸ்க்ரீன்ல என்ன பண்றோம்னு படம் பிடிச்சு வெளிய அனுப்புனது மாட்டுச்சு. ஒண்ணு நேர்மையா சொல்லிடணும். குரல் அசிஸ்டன்ட் இருக்கே, தன் பேர கூப்பிடுறாங்களான்னு காத்துக்கிட்டே இருக்கிறது, அது தப்பா முழிச்சு பதிவு பண்றது உண்டு. அந்த மாதிரி பதிவுகள்ல சிலத மனுஷங்க ஒக்காந்து கேட்டாங்கன்னு 2019ல பெரிய கம்பெனிங்க மேலயே சர்ச்சை வந்துச்சு. அதனால பயம் சுத்தமா ஆதாரமில்லாததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா முட்டி பெல்ட்டுக்கு மைக் தேவையே படல, மைக் இல்லாமலே இவ்ளோ தெரியுதுங்கிறதுதான் எனக்கு மைக்கவிட பெரிய கவலை.

இன்னொரு சின்ன விஷயம், நம்ம பக்கம். தினமும் நூத்துக்கணக்குல விளம்பரம் கண்ணு முன்னாடி போகுது, பேசுன விஷயத்தோட பொருந்துற ஒண்ணு மட்டும் மனசுல ஒட்டிக்கும், பொருந்தாதது ஞாபகமே இருக்காது.

ஏன் கீழ வெக்க முடியல

புத்தகத்துக்கு அத்தியாயம் முடியும், பேப்பருக்கு கடைசி பக்கம் வரும், அங்க ஒரு மூச்சு விட்டு "போதுமா"ன்னு யோசிப்போம். தள்ளத் தள்ள வந்துட்டே இருக்கிற அந்த முடிவில்லாத பக்கத்த 2006ல உருவாக்குனவர் அசா ராஸ்கின், இப்படி ஆகும்னு நெனைக்கலன்னு அவரே பின்னாடி வருத்தப்பட்டு பேசியிருக்கார். நிக்கிற இடத்தையே எடுத்துட்டா எங்க நிக்கிறது?

கூடவே எப்ப நல்லது வரும்னு தெரியாத தன்மை. ஸ்கின்னர்ங்கிற உளவியல் அறிஞர் புறாக்கள வெச்சு பண்ண சோதனையில, எத்தனாவது கொத்துக்கு தானியம் விழும்னு நிச்சயம் இல்லாதப்பதான் புறா விடாம கொத்திக்கிட்டே இருந்துச்சு. பத்து வீடியோல ஒண்ணு அருமையா இருக்கும், எந்த ஒண்ணுன்னு தெரியாது. விரலுக்கு வேற என்ன வேணும்?

அதனால "உனக்கு கட்டுப்பாடு இல்ல"ன்னு பசங்கள திட்டும்போது கொஞ்சம் யோசிக்கணும். அந்த பக்கம் நூத்துக்கணக்கான இன்ஜினியர்கள், கோடிக்கணக்கான பேர் டேட்டா, இந்த பக்கம் தூக்கக் கலக்கத்துல ஒரு பதிமூணு வயசு புள்ள.

அதே கருவி, வேற குறிக்கோள்

இவ்ளோ சொன்னதும் மொத்தமா தூக்கிப் போடணும்னு தோணும், எனக்கு அப்படி தோணல. உங்க மெயில்ல குப்பை மெயில் தனியா போய் விழுதுல்ல, அதுவும் இதே மெஷின் லேர்னிங்தான். கோடிக்கணக்கான பேர் "இது குப்பை"ன்னு அழுத்துனத பாத்து பழகுன கணிப்பு, அதுக்கும் மார்க் கணக்குதான். அது யாரையும் கெடுக்கல, ஏன்னா அங்க நாம செய்யுறதும் நாம ஆசைப்படுறதும் ஒண்ணா இருக்கு, குப்பை வேணாங்கிறதுதான் ரெண்டும்.

அபூர்வமான ஒரு நோய் வந்தவங்கள நெனச்சுப் பாருங்க. சுத்துவட்டாரத்துல அந்த பேரையே யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டாங்க. அதே நோயோட வாழுற இன்னொருத்தர் எங்கயோ போட்ட ஒரு வீடியோவ இந்த சல்லடை கொண்டு வந்து கையில குடுக்குது. "எனக்கு மட்டும் இல்ல"ங்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு விலை சொல்ல முடியாது. கூட்டத்த வெச்சு சலிக்கிறதால சின்ன கூட்டம் கூட ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்குது, சின்ன மொழியில பாடுறவங்களுக்கும் கேக்குற காது கிடைக்குது.

கெடுதலும் அதே கதவு வழியாத்தான் வருது. 2018ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ட்விட்டர்ல 2006லருந்து 2017 வரைக்கும் பரவுன சுமார் 1,26,000 செய்திகள எடுத்து பாத்ததுல பொய்ச் செய்திய ஜனங்க அடுத்தவங்களுக்கு தள்ளி விடுற வாய்ப்பு உண்மைச் செய்தியவிட 70 சதவீதம் அதிகம். தானா பதிவு போடுற ரோபோ அக்கவுண்ட்டுங்கதான் காரணம்னு பாத்தா இல்ல, மனுஷங்கதான். பொய் புதுசா இருக்கு, அதிர்ச்சியா இருக்கு, கை தன்னால அனுப்பிடுது, அனுப்புனா மார்க் ஏறுது, ஏறுனா இன்னும் நெறைய பேர் கண்ணுல படுது.

விட்டுட்டா என்ன ஆகும்னும் பாத்திருக்காங்க. 2018 அமெரிக்க தேர்தல் சமயத்துல ஒரு ஆய்வுக்காக சிலர் நாலு வாரம் ஃபேஸ்புக்க நிறுத்துனாங்க. தினமும் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமாச்சு, மனசு கொஞ்சம், கொஞ்சம்தான், லேசாச்சு. அதே சமயம் நாட்டு நடப்பு பத்தி அவங்களுக்கு தெரிஞ்சதும் குறைஞ்சு போச்சு. எடுத்தா ரெண்டும் சேந்துதான் போகுது.

நம்ம கைக்குள்ள இருக்கிறது

நூலகர மாத்த முடியாது, ஆனா அவர் குறிப்பு நோட்ட கொஞ்சம் திருத்தலாம். பாத்தது, தேடுனது எல்லாத்தோட வரலாறும் பெரிய ஆப்கள்ல செட்டிங்ஸ்ல இருக்கும், அழிக்கலாம், சேக்குறதையே நிறுத்தலாம். வேணாங்கிற பதிவ சும்மா தள்ளி விடாம "ஆர்வமில்லை"ன்னு அழுத்துங்க, தள்ளுறதவிட அது தெளிவான பதில். கோபத்துல கமெண்ட் போட்டு எதிர்த்தா அதுக்கும் மார்க்தான் ஏறும், இத மறக்காதீங்க. மைக், இருக்கிற இடம், ரெண்டுக்கும் எந்தெந்த ஆப்புக்கு அனுமதி குடுத்திருக்கீங்கன்னு ஒரு தடவை போய் பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2023 ஆகஸ்ட்லருந்து பெரிய தளங்கள் உங்க நடவடிக்கைய வெச்சு வரிசைப்படுத்தாத ஒரு ஃபீடையும் கட்டாயம் குடுக்கணும்னு சட்டமே இருக்கு. எல்லா நாட்டுலயும் அது வரணும்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா செட்டிங்ஸ்ல போய் தேடுற பொறுமை எல்லாருக்கும் இருக்காது.

சித்தி போன்ல இதெல்லாம் நானே போய் உக்காந்து பண்ணிக் குடுத்தேன், வரலாற அழிச்சேன், ஆனா புதுசா சேக்குறத நிறுத்த வேணாம்னுட்டாங்க, பாட்டு போயிடுமாம். நாலு நாள் கழிச்சு திரும்ப போன் பண்ணாங்க.

"பெல்ட் போயிடுச்சுடா. ஆனா இப்ப பூராவும் ரோஜாச் செடியா வருது. நான் ஒரு லைக் கூட போடலயே?"

"நின்னீங்களா சித்தி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாங்க, "பதியம் போடுறத ஒருத்தி அழகா காட்டுனாடா, அத முழுசா ரெண்டு தடவை பாத்தேன்."